மன்னார்க் கரையில் மலையகத்துக்கு என்ன இருக்கிறது?

ஹட்டன் பக்கத்தில் படிப்பிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பாடசாலைப் பிள்ளைகளை மன்னாருக்குச் சுற்றுலா கூட்டிப் போகிறாராம். "முன்னோர் வந்திறங்கிய கரை என்று சொல்லலாம். அதற்கு மேல் என்ன சொல்வது? துறைமுகம், கடற்றொழில், முத்து, கனிய மணல் என்று அந்தக் கரைக்கு ஒரு மரபு இருக்கிறது. நமக்குத் தேயிலை. இரண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?" இதுதான் கேள்வி.

நிறையவே உண்டு. தோட்ட வேலைக்கென்று இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட நம் மலையக ஆட்கள் மன்னாரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தோணி, காடு, கொள்ளைநோய் என்று ஒரே வழியில் போய், அழுது முடித்து வந்துவிடுகிறோம். அந்த அழுகையில் பொய் இல்லை. ஆனால் நம்மவர் கால் வைத்த நேரத்தில் அந்தக் கரை ஆயிரம் வருடத்துக்கு மேல் புழங்கிய வணிகக் கரை. அது தெரிந்தால்தான் நம்மை ஏன் அந்த வழியாகக் கொண்டுவந்தார்கள் என்பதே விளங்கும். அதனால் மாந்தையிலிருந்து தொடங்குகிறேன்.

மன்னார்த் தீவுக்குப் பாலம் ஏறுவதற்கு முன், திருக்கேதீஸ்வரம் கோயிலைச் சுற்றிய மேட்டு நிலம்தான் பழைய மாந்தை. தேவாரத்தில் மாதோட்டம், பாளியில் மகாதித்த. அநுராதபுரம் தலைநகராக இருந்த காலம் முழுக்க இதுதான் அதன் பெரிய துறைமுகம். சம்பந்தரும் சுந்தரரும் இந்தத் தலத்தைப் பாடியிருக்கிறார்கள். சுந்தரர் பாட்டில் கப்பல்கள் நிறைந்த கடல் வருகிறது. பக்தியில் சொன்ன வெறும் வர்ணனை என்று அதை ஒதுக்க முடியாது. 1980களின் முதல் பாதியில் அங்கே தோண்டியபோது சீன மட்பாண்டமும் பாரசீக வளைகுடாப் பக்கத்து மட்பாண்டமும் கண்ணாடி மணிகளும் கிடைத்தன. கிழக்கிலிருந்து வந்த சரக்கும் மேற்கிலிருந்து வந்த சரக்கும் கைமாறிய சந்தை அது. தீவின் முத்து, மாணிக்கம், யானை எல்லாவற்றுக்கும் வெளிநாட்டில் கிராக்கி இருந்தது. இதில் மாணிக்கம் மலையடிவாரத்துச் சரக்கு. 11ஆம் நூற்றாண்டோடு தலைநகர் பொலன்னறுவைக்கு மாற, மாந்தையும் ஒடுங்கிப்போனது. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்தார்கள், 1658இல் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர். கோட்டையைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு இந்த மூன்று ஆண்டையும் சொன்னால் போதும், மிச்சம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

மூன்று பேரும் இந்த வறண்ட கரைக்கு ஏன் அடித்துக்கொண்டார்கள்? முத்துக்காக. அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு எதிரே கடலடியில் சிப்பிகள் படியும் பாறைத் திட்டுகளுக்குப் பார் என்று பெயர். இரண்டு பருவக்காற்றுக்கும் இடையில், மாசி பங்குனி வாக்கில், கடல் படுத்திருக்கும் சில வாரங்களில்தான் முத்துக்குளிப்பு. குளிகாரர் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார். மேலே படகில் கயிறு பிடிக்கிறவர் ஒருவர். ஒரு நிமிடத்துக்கு மேல் கீழே நிற்பது அபூர்வம். அந்தச் சில வாரத்துக்கு மணல்காட்டில் ஓலைக் குடிசை நகரம் ஒன்று எழும்பும். தூத்துக்குடிப் பரதவர், கீழக்கரை முஸ்லிம்கள், அரபுக் குளிகாரர், பம்பாய் வியாபாரிகள், நாட்டுக்கோட்டைச் செட்டிமார், பொலிஸ், நடமாடும் நீதிமன்றம் எல்லாம் அங்கே வந்து சேரும். சிப்பியை ஏலத்தில் எடுத்தவர் அதை அழுகவிட்டு, கழுவி, முத்தைத் தேடுவார். நாற்றம் எத்தனை மைலுக்கு அடித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அரிப்பில் கடலோரமாக இடிந்து நிற்கிற கட்டடத்தை ஊரார் அல்லிராணிக் கோட்டை என்பார்கள். அல்லி அரசி கதையை அதோடு சேர்த்துச் சொல்வார்கள். கேட்க நன்றாயிருக்கும், கேளுங்கள். ஆனால் அதைக் கட்டியவர் பிரெட்ரிக் நோர்த், இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநர். முத்துக்குளிப்பைப் பக்கத்தில் இருந்து மேற்பார்வை பார்க்க 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய மாளிகை. வருமானம் எங்கே இருந்ததோ ஆளுநரும் அங்கே இருந்தார்! அப்போது மலையில் கோப்பித் தோட்டம் கிடையாது, கண்டி ராச்சியமே வெள்ளைக்காரன் கைக்குப் போகவில்லை. கரையோரத்தில் அரசாங்கத்துக்குக் காசு தந்தவை கறுவாவும் முத்தும்.

முத்தின் கடைசிக் கதையும் ஒரு பாடம். 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டன. அதைப் பார்த்து வாய் ஊறிய ஒரு லண்டன் கம்பனி அடுத்த வருடமே 20 ஆண்டுக் குத்தகைக்குப் பார்களை எடுத்தது. ஓரிரு பருவத்துக்குள் சிப்பி அற்றுப்போனது. சிப்பிக் குஞ்சு படிவதும் படியாததும் நீரோட்டத்தின் கையில் இருக்கிறது. படிந்ததைத் திருக்கை மீன் தின்னும், மணல் மூடும். அதோடு மனிதன் கண்மண் தெரியாமல் அள்ளியதும் சேர்ந்தது. கோப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். 1869இல் இலைநோய் வந்து இருபது வருடத்துக்குள் கோப்பி சரிந்தது. ஒரே பொருளை நம்பி அரசாங்கமே நடத்துகிற பழக்கம் கரையிலும் மலையிலும் ஒன்றுதான்.

சரி, நம்மவர் வந்த வழிக்கு வருவோம். 1820களில் கம்பளைப் பக்கத்தில் கோப்பித் தோட்டம் தொடங்கியது, 1830களுக்குப் பிறகு காடு காடாக அழிந்தது. ஆள் வேண்டும். தொண்டி, தேவிபட்டினம், பாம்பன், இராமேசுவரம் பக்கமிருந்து தோணி ஏறினால் எதிரே இருப்பது மன்னார்க் கரை. தலைமன்னார், அரிப்பு, வங்காலை என்று காற்று தள்ளிய இடத்தில் இறக்குவார்கள். இவை வெறும் காட்டுக்கரைகளாக இருந்து, நம்மவருக்கென்று புதிதாகத் திறக்கப்பட்டவை அல்ல. முத்து வியாபாரமும் துணி, அரிசி வியாபாரமும் ஏற்கெனவே ஓடிய துறைகள். அங்கே தோணிக்காரர், தரகர், தண்ணீர்க் கிணறு எல்லாம் இருந்தன. தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி அந்தப் பழைய பாதையில்தான் புதிய சரக்கை ஏற்றினான். அந்தச் சரக்கு நாம்.

இறங்கியபின் வடக்கு வீதி. மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை. ஏறத்தாழ 150 மைல், கால்நடை. தண்ணீர் கிடைக்காத காடு, கிடைத்தால் அதில் பேதி. 1840களில் மட்டும் வந்தவர்களில் நாலில் ஒரு பங்கு, 70,000 பேர்வரை மாண்டிருக்கலாம் என்று அன்றைய கொழும்புப் பத்திரிகை ஒன்று 1849இல் கணக்குப் போட்டது. கணக்கைக் கூட்டிக் குறைத்து வாதாடுகிற ஆய்வாளர்கள் உண்டு. பாதை சாவுப்பாதை என்பதில் யாருக்கும் வாதம் இல்லை. நம்மவர் வந்து 200 வருடமானதை நினைவுகூர்ந்த மலையகம் 200ஐ ஒட்டி, 2023இல் ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்ட நடைபயணம் ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. அதில் நடந்த ஒருவரைப் பிள்ளைகளோடு பேச வையுங்கள். பாடப்புத்தகத்தைவிட அது மனதில் நிற்கும்.

ஒன்று கவனிக்க வேண்டும். கோப்பிக் காலத்தில் பலர் நிரந்தரமாகக் குடியேற வரவில்லை. வருடக் கடைசியில் பழம் பறித்து முடிந்ததும் வந்த வழியே ஊருக்குத் திரும்பினார்கள். அவர்கள் மன்னாரைத் தாண்டிய மாதங்களும் முத்துக்குளிப்புக்குக் கரை கூடும் மாதங்களும் ஏறத்தாழ ஒட்டியே வந்தன. கிழிந்த கம்பளியோடு மலையிலிருந்து இறங்கியவனும் முத்து ஏலத்துக்கு வந்த செட்டியாரும் ஒரே துறையில் தோணிக்குக் காத்திருந்திருப்பார்கள் என்பது என் ஊகம். தேயிலை வந்தபின் வருடம் முழுக்கக் கொழுந்து. போய்வருகிற ஆள், லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டு ஆளாகிவிட்டான்.

19ஆம் நூற்றாண்டின் முடிவில் நோய்ப் பயத்தில் வடக்கு வழி அடைபட்டது. ஆட்கள் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொழும்புக்கு வந்தார்கள். அந்தக் கொழும்புத் துறைமுகமே மலையின் காசில் வளர்ந்தது. 1875இல் அடிக்கல் நாட்டி 1885இல் முடித்த தென்மேற்கு அலைதடுப்பு வரும்வரை காலியே பெரிய துறைமுகம். மலைக்குப் போகும் ரயில் கண்டிக்கு 1867இலும் ஹட்டனுக்கு 1884இலும் நானுஓயாவுக்கு 1885இலும் வந்தது. ஆண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும், துறைமுகமும் கோச்சிப் பாதையும் சேர்ந்தே நீண்டிருக்கின்றன. கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியதும் 1883இல்தான்.

1914இல் மன்னார் மறுபடி உயிர்த்தது. பாம்பன் பாலம் திறந்தது, இந்தப் பக்கம் தலைமன்னார் இறங்குதுறைவரை தண்டவாளம் வந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடலை நீராவிக் கப்பல் கடந்தது. நம் பாட்டன்மார் இந்தியப் பக்கத்து மண்டபம் முகாமில் தடுப்பூசி போட்டு, இந்தக் கப்பலில் ஏறி வந்தவர்கள்.

அதே வழியில்தான் திருப்பி அனுப்பவும் பட்டோம். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை, 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்ற கணக்கில். அந்த வருட டிசம்பரிலேயே புயல் வந்து தனுஷ்கோடியை அழித்தது. அதனால் 1970களில் போனவர்கள் தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். மலையிலிருந்து அவர்களை ஏற்றிவந்த ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். ஹட்டனில் இதைக் கேட்ட பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பிள்ளைகளை விட்டுக் கேட்க வையுங்கள். போர் வந்து கப்பலும் நின்றது, ரயிலும் நின்றது. 2015 மார்ச்சில் தண்டவாளம் மறுபடி இறங்குதுறைவரை வந்தது. கப்பல் மட்டும் இன்னும் இல்லை.

போகாமல் நின்றவர்களில் ஒரு பகுதியினர் 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பின் வன்னிக்கும் மன்னார்ப் பெருநிலத்துக்கும் போய்க் குடியேறியதையும் விட்டுவிடாதீர்கள். இன்று அங்கே நம் உறவினர் இருக்கிறார்கள். மன்னார் மாவட்டத்து மடு மாதா திருவிழாவுக்கு ஓகஸ்டில் மலையிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் போவதும் இந்தத் தொடர்பின் இன்னொரு முகம். மடுவில் இருக்கும் மாதா சொரூபமே ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டுபோகப்பட்டது என்பதுதான் வரலாறு.

இனி மீன். லயத்துச் சமையலில் கடல் என்றால் அது கருவாடும் நெத்தலியும் காயவைத்த சூரை மீனான மாசியும்தான். ஈரம் காயாத மலைநாட்டில் கெடாமல் கிடக்கிறது, சோற்றுக்கு உப்பும் உறைப்பும் தருகிறது, கொஞ்சம் போட்டாலும் கறி மணக்கும். ஒரு காலத்தில் இதில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்தும் மாலைதீவிலிருந்தும் இறக்குமதி. மாசி என்றாலே மாலைதீவு. பேசாலை, வங்காலைக் கருவாடும் இந்தச் சந்தைக்கு வந்தது, இன்றும் வருகிறது. பச்சை மீன் என்பது ஐஸும் லொறியும் வந்தபின் கிடைத்த வசதி. இப்போது மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன்காரர் லயத்து வாசலுக்கே வருகிறார், பத்தாம் திகதி சம்பளத்தை ஒட்டி இன்னும் அடிக்கடி.

ஆனி ஆடியில் ஹட்டனில் மீன் விலை ஏன் ஏறுகிறது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். நம் மலையின் மேற்குச் சரிவில் மழை கொட்டவைக்கிற தென்மேல் காற்றுதான் நீர்கொழும்பு, பேருவளைக் கடலைக் கொந்தளிக்கவைத்துப் படகுகளைக் கரையில் நிறுத்துகிறது. மன்னாரில் அதற்குச் சோளகம் என்று பெயர். அங்கே மழை இல்லாமல் காற்று மட்டும் வீசும். சோளகத்தில் மன்னார்த் தீவின் தென்கடல் குமுறும், வடகடலில் தொழில் நடக்கும். வாடைக்காற்றில் அப்படியே மாறும். நீர்கொழும்புப் பக்கத்துப் படகு முதலாளிமாரான சம்மாட்டிமார் சோளகத்தில் கிழக்குக் கரைக்குப் போய் வாடி (தற்காலிகக் குடிசை) போடுவதும் இதனால்தான். அந்த மாதங்களில் கண்டிக்கும் பதுளைக்கும் வருகிற மீனில் திருகோணமலை, மட்டக்களப்பு மீன் கூடுவதைக் கடைக்காரரே சொல்வார். இதற்கு மேல் மன்னார் மீனவருக்கு வேறு தலையிடி: பாக்கு நீரிணையில் இந்திய இழுவைப் படகுகள் கடலடியை வழித்துப் போகின்றன. அக்கரையும் தமிழர், இக்கரையும் தமிழர் என்பதால் நம் பத்திரிகைகள் இதைப் பூசி மெழுகுவது எனக்குப் பிடிப்பதில்லை. வலை அறுபட்டவனுக்கு அது சோற்றுப் பிரச்சினை.

இந்தக் காற்று இன்னொரு வேலையும் செய்திருக்கிறது, எனக்கு மிகப் பிடித்த விஷயம் இது. பலாங்கொடைக்குக் கிழக்கே சமனலவெவ நீர்த்தேக்கம் கட்டும் நேரத்தில் அந்தச் சரிவுகளில் பழைய இரும்பு உலைகளைக் கண்டார்கள். ஆய்வை நடத்தியவர் ஜில் ஜூலெஃப் என்ற பிரித்தானியப் பெண்மணி. உலைகள் எல்லாம் மேற்கு பார்த்த மலை விளிம்பில் இருந்தன. துருத்தி ஊத ஆள் இல்லை, தென்மேல் பருவக்காற்றே உலையை ஊதியது. உலையைத் திரும்பக் கட்டி, காற்று வீசும் மாதத்தில் எரித்துப் பார்த்தார், நல்ல எஃகே கிடைத்தது. முடிவுகள் 1996இல் வெளிவந்தன. உலைகளின் காலம் 7 முதல் 11ஆம் நூற்றாண்டுவரை, அதாவது மாந்தை செழித்த அதே காலம். 9ஆம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதும்போது செரந்தீப் (இலங்கை) எஃகைக் குறிப்பிடுகிறார். மலையில் தேயிலைக்கு முன் ஒன்றும் இல்லை, காடுதான் என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஒன்று போதும். இப்போது மன்னார்த் தீவில் அதே காற்றில் தம்பபவனி மின்நிலையத்தின் 30 காற்றாலைகள் சுற்றுகின்றன.

சுரங்கம் என்றால் நம் பக்கத்தில் இரண்டு: மாணிக்கமும் காரீயமும் (பென்சிலுக்குள் இருக்கும் கிராபைட்). இரத்தினபுரி, பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளில் குழிக்குப் போகாத குடும்பம் குறைவு. மரச்சட்டம் இறக்கி, பன்னம் தழை செருகிக் குழியைத் தாங்கவைத்து, இல்லம் என்ற கூழாங்கல் படை தட்டும்வரை தோண்டுவார்கள். பிறகு அதைக் கூடையில் அரித்துக் கழுவுவார்கள். காணிக்காரருக்கு, அனுமதிப்பத்திரக்காரருக்கு, தண்ணீர் இறைக்கும் பம்புக்காரருக்கு என்று பங்கு போய், மிச்சத்தில்தான் குழிக்குள் இறங்கினவனுக்கு. பொகவந்தலாவையில் கெசல்கமு ஓயாவைச் சட்டத்துக்கு மாறாகத் தோண்டுவதால் காசல்றீ நீர்த்தேக்கத்துக்குச் சேறு போய்ச் சேர்வது உங்களுக்கே தெரிந்த கதை. மலையில் எடுத்த கல் எங்கே விலைப்படுகிறது? பேருவளை சீனக்கோட்டையில். தீவின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று இருக்கும் அதே ஊரில்தான் மாணிக்கச் சந்தையும்.

காரீயம் கேகாலை மாவட்டத்துப் போகலையிலும் குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவிலும். முதல் உலகப்போரின்போது, 1916இல், 33,000 தொன்னுக்கு மேல் கொழும்பிலிருந்து கப்பல் ஏறியது. உலோகம் உருக்கும் மூசைப் பாத்திரங்களுக்கு அது தேவைப்பட்டது. அந்தக் காசில் எழும்பிய குடும்பங்களில் ஒன்று டி. எஸ். சேனநாயக்கவின் குடும்பம். அவர் தகப்பனார் காரீயத்தில் செல்வம் சேர்த்தவர். மகன் பிரதமராக இருந்த 1948இல்தான் குடியுரிமைச் சட்டம் வந்து நம்மவர் ஏழு இலட்சம் பேருக்கு மேல் நாடற்றவரானார்கள். காரீயம் அதற்குக் காரணம் என்று சொல்லவில்லை. சுரங்க முதலாளி நாட்டை ஆளப் போனான், தோட்டத் தொழிலாளி வாக்கையும் இழந்தான் என்கிற வரிசையை வரலாற்று ஆசிரியர் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

நம் மலைப் பாறை கரைந்து கடலுக்கும் போகிறது. மாணிக்கம் பருமனும் கனமும் உள்ள கல், ஆற்றுப் படுகையில் தங்கிவிடும். இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் போன்ற நுண்மணல் கடல்வரை போய், அலையும் நீரோட்டமும் அரித்துச் சேர்க்க, புல்மோட்டையில் கறுப்புக் கரையாகக் கிடக்கிறது. அதை அள்ளி விற்க அரசாங்கம் 1957இல் ஒரு கூட்டுத்தாபனம் தொடங்கியது. மன்னார்த் தீவிலும் இல்மனைட் இருக்கிறது. அகழவேண்டாம் என்று மக்கள் எதிர்க்கிறார்கள். தீவு கடல்மட்டத்துக்குச் சற்றே மேலே நிற்கும் மணல் திட்டு, நன்னீர் அந்த மணலுக்குள்தான் தங்குகிறது. மணலை எடுத்தால் கிணறு உப்பாகும் என்ற பயம் நியாயமானது. போகும்போது பிள்ளைகளை அவர்களிடம் பேசவிடுங்கள். மண்சரிவுக்குப் பயந்து லயத்தில் படுக்கிற பிள்ளைக்கு அந்தப் பயம் சீக்கிரம் விளங்கும்.

பயணத்துக்கு மாசி பங்குனி நல்லது, கடல் அமைதி, வெயிலும் தாங்கலாம். பஸ்ஸில் போவதென்றால் மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி வழியாகப் போங்கள். கொழும்பைச் சுற்றிப் போனால் பழைய நடைபாதையைப் பார்க்க முடியாது. முதல் நாள் மாந்தையும் கோட்டையும், மறுநாள் காலையில் தலைமன்னார் இறங்குதுறை, வரும் வழியில் பேசாலை. அரிப்பு தெற்கே தனியாக இருக்கிறது, அதற்கு அரைநாள் ஒதுக்குங்கள். இடிந்த சுவருக்குப் பக்கத்தில் பிள்ளைகளை ஏறவிடவேண்டாம், கடல் அரித்து அடிப்பாகம் தொங்குகிறது. கருவாட்டைப் பேசாலையில் வாங்குங்கள், மன்னார் நகரத்து விலை கூட.